சலாம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள்



பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது, போனால் அந்தக் கையடக்கத் தொலைபேசியை வைத்துக்கொண்டு உருப்படியாக எதைப் படம் எடுக்கச் சொல்வது என்று சகோதரிகள் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சென்ற ஜனவரியில் நீர்வேலியில் என் தங்கை வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் வேலை. செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வாடகை வீடு. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்காவின் வாழைத் தோட்டம். நீர்வேலி வாழைக்குலையைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை! தங்கையின் மகனுக்குப் பதினொரு வயது. வாப்பாவின் பழைய போன் அவன் கைக்கு வந்திருந்தது. நாள் முழுவதும் ஓணானையும் அணிலையும் துரத்தித் துரத்திப் படம் எடுப்பான். எல்லாவற்றிலும் வால் மட்டும்தான் இருக்கும்.

ஒரு நாள் காலை அவனை வேலியோரம் உட்கார வைத்தேன். எதிரே ஒரு வாழைப்பொத்தி தொங்கியது. “அசையாதே, போனை உயர்த்தாதே, கால் மணி நேரம் பேசாமல் இரு” என்றேன். பத்து நிமிடத்தில் தேன்சிட்டு ஒன்று வந்து மடலுக்குள் மூக்கை நுழைத்தது. முதல் இரண்டு முறை அவனை எடுக்க விடவில்லை. மூன்றாம் முறை அது வந்தபோது எங்களை அது கணக்கில் எடுக்கவே இல்லை. அப்போது எடுத்தான். சுப்ஹானல்லாஹ், என்ன அழகான படம்!

அன்றிரவு அவன் என்னிடம் ஓர் அமெரிக்கப் படத்தைக் காட்டினான். நடுவில் நீலம், சுற்றிலும் மஞ்சள், பிறகு செம்மஞ்சள். மேலே ஆவி பறக்கிறது. “இது உண்மையா பெரியும்மா, கம்ப்யூட்டரில் செய்ததா?” என்று கேட்டான்.

உண்மைதான். அது யெலோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள ஒரு வெந்நீர்த் தடாகம். அந்தப் பூங்கா பிறந்ததற்கே புகைப்படம் ஒரு காரணம். 1871 ஆம் ஆண்டு ஹேடன் என்ற நில ஆய்வாளர் ஒரு குழுவோடு அங்கே போனார். வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் தாமஸ் மோரன் என்ற ஓவியரும் உடன் போனார்கள். அக்காலத்தில் படம் பிடிப்பதென்றால் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் கெமராவில் வைத்து எடுத்து, அந்த இடத்திலேயே கூடாரத்துக்குள் கழுவ வேண்டும். கண்ணாடியையும் மருந்துப் போத்தல்களையும் கோவேறு கழுதை மேல் ஏற்றி மலையில் கொண்டு போனார்கள். வெந்நீர் பீறிட்டெழுகிறது, பூமி கொதிக்கிறது என்று அதற்கு முன் போய் வந்தவர்கள் சொன்னபோது ஊரில் பலர் நம்பவில்லை. படங்களைக் கண்ட பின் மறுக்க முடியவில்லை. 1872 மார்ச் முதலாம் திகதி யெலோஸ்டோன் தேசியப் பூங்காவாகச் சட்டம் ஆயிற்று. உலகின் முதல் தேசியப் பூங்கா அதுதான் என்பார்கள். பரப்பில் நம் வட மாகாணம் முழுவதையும் விடச் சற்றுப் பெரியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளும் ஆவித் துளைகளும் அதற்குள் இருக்கின்றன.

அந்த வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிலிருந்து! நடுவில் கொதிப்பு மிக அதிகம், அங்கே அவை வாழ முடியாது, ஆகவே நீர் நீலமாகத் தெரிகிறது. ஓரம் போகப் போகச் சூடு குறைய, அந்தந்தச் சூட்டுக்கு ஏற்ற உயிர்கள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் படர்ந்திருக்கின்றன. 1966 இல் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி அந்த ஊற்றுகளில் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தார். சூட்டில் கெடாத அதன் நொதியம் பிற்காலத்தில் பி.சி.ஆர். பரிசோதனைக்கு உயிர்நாடி ஆனது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பரிசோதனைதான். யாரோ ஒருவர் குளிக்கக்கூடப் பயன்படாத கொதிநீரை உற்றுப் பார்த்ததன் பலன், நம் வீட்டு வாசல் வரை வந்தது.

“நம் கிணற்றில் ஏன் சுடுநீர் வராது?” என்பது மகனின் அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மழை நீர் அதில் இறங்கி அதிக ஆழம் போகாமல் தங்கிவிடுகிறது, அதையே நாம் இறைக்கிறோம். பக்கத்து நிலாவரையில் எவ்வளவு இறைத்தாலும் வற்றாத கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், அடியில் உப்பு நீர். ஆனால் சுடுநீர் வேண்டுமானால் திருகோணமலைப் பக்கம் போக வேண்டும். நம் நாட்டில் எரிமலை கிடையாது. கிழக்கிலும் தெற்கிலும் மழை நீர் பாறைப் பிளவு வழியாக வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்க ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீர் இன்னொரு பிளவு வழியாக மேலே வருகிறது. கன்னியா, மகா ஓயா, அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸ எல்லாம் இப்படி வந்தவைதான். மகா ஓயாவில் 50 பாகைக்கும் மேல், கை வைக்க முடியாது.

அந்த வாரமே வான் பிடித்துக் கன்னியா போனோம். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக அரை நாள் பயணம். ஏழு சிறிய கிணறுகள், ஒன்றுக்கொன்று சூட்டில் வித்தியாசம். அங்கே யெலோஸ்டோன் ஆவியை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீர்கள். நீரே ஏறத்தாழ 40 பாகைதான், திருகோணமலை வெயிலில் ஆவி எங்கே தெரியப் போகிறது? ஆவி வேண்டுமானால் மார்கழி, தை மாத விடியலில், காற்று குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். சூரியன் உங்கள் எதிரே, ஆவிக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த மெல்லிய புகை ஒளிரும். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியவுடன் படம் எடுக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும். கால் மணி நேரம் போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். தண்ணீர்த் துளி பட்டால் உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஊற்று நீரில் உப்புகள் உண்டு, காய்ந்தால் தழும்பு விழும்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

விடியலில் அப்படி ஒரு படம் எனக்கு வாய்த்தது. கிணற்று மேல் பொன்னிறமாக ஆவி. மகிழ்ச்சி தாங்காமல் அங்கேயே நின்று குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். வான் புறப்பட்ட பிறகு பெரிதாக்கிப் பார்க்கிறேன். படத்தின் ஓரத்தில் ஒரு பெண் ஈர உடையோடு குனிந்து கூந்தலைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். யார் பெற்ற பிள்ளையோ! நான் ஆவியைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. குழுவில் ஆண்களும் இருக்கிறார்கள். படத்தை அழித்தேன். ஏற்கனவே பார்த்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, உங்கள் போனிலும் இருந்தால் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். என் மகளின் படம் இப்படி ஓர் அந்நியரின் போனில் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்ற நினைப்பில் அன்று பகல் சாப்பாடு இறங்கவில்லை.

சூரத்துந் நூரில் பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, சலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கெமராவும் ஒரு வாசல்தானே? சுவரும் கதவும் இல்லாத இடத்தில் குளிப்பவளுக்கு நம் பார்வையைத் தவிர வேறு திரை ஏது?

(உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பதே கூடுமா என்று கேட்கும் சகோதரிகளும் உண்டு. கெமராப் படம் கண்ணாடியில் தெரியும் நிழல் போன்றது என்று அனுமதிக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள், தவிர்ப்பதே பேணுதல் என்போரும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரம், மலை, நீர், ஆவி இவற்றில் சிக்கல் இல்லை.)

திரும்பி வந்த இரண்டு நாளில் சுண்டிக்குளம் போனோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில், ஆனையிறவுக் களப்புக்குக் கிழக்கே கடல்வரை விரிந்த இடம். 1938 முதல் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். போர் நடந்த மண். மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. வனஜீவராசிகள் அலுவலகத்தில் வழி கேட்டு, சொன்ன பாதையில் மட்டும் போங்கள்.

மழைக்காலம் முடிந்து ஜனவரி, பெப்ரவரியில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். அவை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை, இரை தேடி வரும் விருந்தாளிகள். தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீரில் வைத்துச் சேற்று நீரை வடிகட்டித் தின்னும். அந்த இளஞ்சிவப்பு நிறமே அவை தின்னும் சிற்றிறால், பாசி இவற்றிலிருந்து வருவதுதான்.

நாங்கள் போன அன்று வேறொரு வாகனத்தில் வந்த இளைஞர்கள் கரையில் இறங்கிக் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். பறவைகள் பறந்தால்தான் சிறகின் சிவப்பும் கறுப்பும் படத்தில் விழுமாம்! பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. நீர் மேல் நீண்ட தூரம் ஓடி, மூச்சு வாங்கித்தான் எழும்பும். அவ்வளவு கூட்டமும் எழுந்து களப்பின் மறுகரைக்குப் போய்விட்டது. தின்றுகொண்டிருந்ததை விட்டுவிட்டுப் போயிற்று. இளைஞர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். நாங்கள் வெறும் நீரைப் பார்த்தபடி நின்றோம்.

பெருமானாரோடு (ஸல்) பயணம் போன தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நாயகம், அதன் குஞ்சை எடுத்து அதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, திருப்பி வைக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. வழியிலேயே மகனுக்கு அதைச் சொன்னேன்.

நல்ல மனத்தோடு செய்தாலும் கேடு வரும். 2016 மே மாதம் யெலோஸ்டோனில் உல்லாசப் பயணிகள் சிலர் காட்டெருமைக் கன்று ஒன்று குளிரில் நடுங்குகிறதென்று இரங்கி, தங்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரிகள் அதைத் திரும்ப மந்தையில் சேர்க்க முயன்றும் மந்தை ஏற்கவில்லை. கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. அங்கே சட்டமே உண்டு: கரடி, ஓநாயிடமிருந்து 100 யார், மற்ற விலங்குகளிடமிருந்து 25 யார் தள்ளி நிற்க வேண்டும். பலகை நடைபாதையை விட்டு இறங்கவும் கூடாது. அதே ஆண்டு ஜூனில் அப்படி இறங்கிய ஓர் இளைஞர் கொதிநீரில் விழுந்து உயிர் விட்டார்.

பூநாரைக்கு எத்தனை யார் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம், அதுவே சொல்லும். கவிழ்ந்த தலை நிமிர்ந்தால் உங்களைக் கண்டுவிட்டது. தின்பதை நிறுத்தி, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். வாகனத்துக்குள் இருந்தே பார்ப்பது இன்னும் நல்லது. வெளியே நின்றால் அபாயாவையும் முந்தானையையும் காற்றில் படபடக்க விடாதீர்கள். போனில் இழுத்துப் பெரிதாக்கினால் படம் சிதறும். ஒரு தொலைநோக்கியின் கண்பகுதியில் போனின் கண்ணை ஒட்டவைத்து எடுத்துப் பாருங்கள், கை நடுங்காதிருந்தால் ஆச்சரியப்படுவீர்கள். பூத்தாராவில் இரவல் கேட்டாவது ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

வரும் வழியில் ஆனையிறவுப் பாலத்தடியில் இன்னொரு கூட்டம் நின்றது. மகன் வானை நிறுத்தச் சொன்னான். கண்ணாடியை மட்டும் இறக்கி, வாழைத் தோட்டத்தில் இருந்தது போலவே இருந்தான். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு படம் எடுத்தான். பறவைகள் தலை நிமிரவில்லை.

தங்கையின் மாமிக்கு இந்தப் படமெடுக்கும் விவகாரம் எதுவுமே பிடிக்காது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கல்யாணப் படம் முதல் மூத்த பிள்ளையின் குழந்தைப் படம் வரை எல்லாம் வீட்டோடு போயிற்று. அதன் பின் புத்தளத்து முகாமில் கிடந்த காலத்திலும் யாரும் படம் எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அன்றிரவு பேரன் போனை நீட்டினான். பறவைகள் கடுகளவுதான் தெரிந்தன. பின்னால் உப்பளம், மேலே வெறும் வானம்.

“இதிலே எங்கே மகன் பறவை?” என்று கேட்டார்.

“இந்தா வாப்பும்மா, இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பறவையை விட்டுவிட்டுப் பின்னால் தெரிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இது ஆனையிறவு உப்பளம்தானே? வாப்பாவோட ரயில்ல போகக்குள்ள இப்படித்தான் தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இதைக் கடையில் கொடுத்துக் கடதாசியில் எடுத்துத் தர எவ்வளவு முடியும் என்று மகனிடம் விசாரித்தார்.