கருவி அயலது, இசை நமதாகுக!

நம்மவர் 'மௌத் ஆர்கன்' என வழங்கும் வாயிசைக்கருவி அயலது. செருமனியின் திரோசிங்கன் ஊரில் 1857இல் தொடங்கப்பெற்ற ஓனர் நிறுவனம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. அதன் பத்துத் துளைகளும் ஐரோப்பியப் பாட்டுகளுக்கென அமைந்தவை. அதனை ஏந்திய அமெரிக்கக் கறுப்பின மக்களோ அவ்வமைப்புக்கு அடங்கினாரல்லர்! மூச்சை உள்ளிழுத்து ஒலியை வளைத்து, செய்தவன் வையாத ஒலிகளையும் பிறப்பித்தனர். அடிமைத்தளையின் வடு ஆறாத நெஞ்சின் குரலான 'புளூசு' இசைக்கு அக்கருவியை ஆளாக்கினர். ஒருவர் இசைக்க மற்றவர் கேட்டு, கூடியிருந்தே கற்றனர்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இக்கருவி பயிலும் இளைஞர் செய்வதென்ன? தனியறையில் திரைப்பாட்டைப் படியெடுத்தல்தானே! ஆடித் திங்களில் மாரியம்மன் விழாதோறும் பறை முழங்குகின்றது. அக்கலைஞர் அருகே அமர்ந்து இசைத்தவர் எத்துணைப் பேர்?

கூடி இசைத்தல் நமக்குப் புதிதன்று. யாழோன் குழலுக்கும், தண்ணுமையோன் யாழுக்கும் செவிசாய்த்து இயைந்தமையைச் சிலம்பின் அரங்கேற்று காதை காட்டுகின்றது.

அயற்கருவியை ஏந்துதல் இழிவன்று. அயலார் இசைக்கே மூச்சை ஒப்புவித்தல் இழிவு. சாதி கருதிப் பறையை விட்டு விலகி நிற்றலோ அதனினும் இழிவு! தமிழிளைஞரே, பறைக்கலைஞர் அருகே அமர்க! அவர்தம் கொட்டுக்கு உம் மூச்சு இயைக! அன்று அக்கருவி தமிழ் பேசும்.