தெரியாத கோணமும் தெரிந்த காரணமும்

பத்தாம் வகுப்பு மாணவி

“முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை.” இதை நம் பள்ளியின் சின்னஞ்சிறு தங்கைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால், “ஏன் 180?” என்று கேட்டால் பெரிய வகுப்பு அக்காமாரும் விழிப்பதுண்டு. விடை வந்தால் போதும், காரணம் எதற்கு என்ற எண்ணம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. இது நல்லதன்று என்பதே என் கருத்து.

காரணம் எளியது. முக்கோணத்தின் உச்சி வழியே அடிப்பக்கத்திற்கு ஓர் இணைகோடு வரையுங்கள். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஆகவே, கீழே உள்ள இரு கோணங்களும் உச்சிக் கோணத்தின் இரு பக்கமும் வந்து அமர்கின்றன. மூன்றும் சேர்ந்து நேர்க்கோடாகின்றன. அதுவே 180 பாகை!

இது புரிந்தால் பலகோணத்திற்குத் தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டாம். எண்கோணத்தின் ஓர் உச்சியிலிருந்து மூலைவிட்டங்கள் வரைந்தால் ஆறு முக்கோணங்கள் கிடைக்கும். ஆறு முறை 180, அதாவது 1080. ஒழுங்கு எண்கோணமாயின் ஒவ்வொரு கோணமும் 135 பாகை. சரிதானா? அதன் ஓரமாக ஒரு சுற்று நடந்தால் மொத்தம் 360 பாகை திரும்புவோம். எட்டு மூலைகளில் மூலைக்கு 45. நேர்க்கோணமாகிய 180-இல் 45 போக, மீதி 135. இரு வழியிலும் விடை ஒன்றே! காரணம் அறிந்தவளுக்குத் தன் விடையைத் தானே சோதிக்கும் துணிவு வருகிறது.

பெரியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாட்டை அளந்தார்கள். 1806-இல் அப்பணி நம் கோவை வட்டாரத்திற்கும் வந்தது. கோணம் அளந்த தியோடலைட் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன்! இரண்டு கோணங்களை அளந்துவிட்டு மூன்றாவதைக் கழித்தலால் கண்டிருக்கலாம். ஆனால், முடிந்த இடங்களில் மூன்றையும் அளந்தார்கள். கூடுதல் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்று தெரிந்துவிடுமல்லவா? பூமி உருண்டையானதால் மிகப் பெரிய முக்கோணங்களில் கூடுதல் 180-ஐவிடச் சிறிதளவு மிகும். அதற்கும் அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். 180 என்பதை வெறுமனே ஒப்பித்தவர்களால் அது முடிந்திருக்குமா?

காரணம் அறியாமல் படித்த கணக்கு விரைவில் மறக்கும். மறந்தால் அச்சம் வரும். அச்சத்தால் எத்தனையோ மாணவியர் மேல்நிலை வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவை நாடுகிறார்கள். பம்புசெட்டும் ஆலை இயந்திரமும் செய்யும் ஊர் நம் கோவை. இங்கே பொறியியல் படிக்க விரும்பும் பெண்ணுக்கு அன்றே ஒரு கதவு அடைபடுகிறது.

ஆகவே தோழியரே, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுவோம். பெற்றோரே, “எத்தனை மதிப்பெண்?” என்பதோடு “எப்படிக் கண்டாய்?” என்றும் கேளுங்கள். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் காண்பதே கணிதம். அதற்குக் காரணமே வழித்துணை!