விலைக்கு வந்த விதி



சென்னை தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள். எள் போட்டால் எள் விழாது. இந்த நகர் சந்தையாகப் பிறந்ததன்று. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துக் குடும்பங்கள் வாழ்வதற்கென வகுத்த குடியிருப்பு இது. ஏரி அன்றே போயிற்று. குடியிருப்பு இன்று போய்க்கொண்டிருக்கிறது.

விதி இல்லையா? உண்டு! நகர், ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இது குடியிருப்புப் பகுதி, இது வணிகப் பகுதி என வரைபடத்தில் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். உயரத்திற்கு வரம்பு, பக்கவாட்டில் விடவேண்டிய இடம், வண்டி நிறுத்த இடம் – எல்லாம் ஏட்டில் உண்டு. ஏழை தன் வீட்டுத் திண்ணைக்குக் கூரை இறக்கினால் அந்த ஏடு உடனே விழித்துக்கொள்ளும். மாளிகைக் கடைக்காரர் மாடிமேல் மாடி எழுப்பினாலோ, கும்பகர்ணத் துயில்!

துயில் என்றுகூடச் சொல்லக்கூடாது. துணை போதல் என்க. 1998இல் அச்சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவைச் செருகினார்கள். கட்டணம் கட்டு, விதிமீறல் வரன்முறையாகும் என்பது அதன் சாரம். ஒருமுறைச் சலுகை என்றார்கள். கெடுவையோ மீண்டும் மீண்டும் நீட்டினார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் முதற்சலுகையை மட்டும் ஏற்று, நீட்டிப்புகளைத் தள்ளியது. திருந்தினார்களா? 2007இல் இடிப்பைத் தடுக்க அவசரச் சட்டம், 2012இல் 113-சி. இரு கழக ஆட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆட்சிகள் மாறின, மாடிகள் இறங்கவில்லை.

"ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு அங்கே இருக்கிறதே" என்று நம்மிடமே கேட்பார்கள். இருக்கிறது. ஜவுளி வாங்க நாமும் அங்கேதான் போகிறோம். நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் அந்தப் பிள்ளைகளின் உயிரை எண்ணித்தான் பேசுகிறோம். 2008இல் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் தீப்பிடித்து இருவர் மாண்டனர். 2017 மே 31இல் உஸ்மான் சாலையில் பற்றிய தீ, மறுநாளும் அடங்கவில்லை. அதிகாலையில் பிடித்ததால் கூட்டம் தப்பியது. தீபாவளி மாலையாக இருந்திருந்தால்? அந்தக் கட்டடத்தை இடிக்கும் வேலையிலும் ஒரு தொழிலாளி உயிர் போயிற்று. எந்த வரன்முறைக் கட்டணம் அதற்கு ஈடு?

மாற்றவே இயலாது என்பதும் பொய். கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கனி வணிகத்தை 1996இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனது இதே அரசு இயந்திரந்தான். மூட்டை தூக்குவோரையும் கூடைக்காரிகளையும் இடம் பெயர்க்க முடிந்தது. பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை 2013இல் ஒரு கட்டடத்துக்குள் அனுப்பவும் முடிந்தது. பல மாடிக்காரரிடம் மட்டும் கை நடுங்குவானேன்?

உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது எழுந்து கேளுங்கள்: அனுமதித்த மாடி எத்தனை, நிற்கும் மாடி எத்தனை, தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி உண்டா? கட்டடம் வாரியாக எழுதி, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.