தேதியில்லாத கடிதம்

ஏழாவது செமஸ்டர் தொடங்கியவுடன் நம் பொறியியற் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் சீசனும் தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முதல் அறுபது சதவீதத்துக்குக் குறையாத மதிப்பெண்ணும், அரியர் இல்லை என்னும் யோக்கியதாம்சமும் உடைய கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர் ஒருவர், ஆப்டிடியூட் தேர்வையும் கோடிங் சுற்றையும் கடந்து, ஹெச்.ஆர். அதிகாரியின் எதிரில் டையை ஒரு முறை சரிசெய்துகொண்டு அமர்ந்து, வெளியூருக்கும் இரவு ஷிஃப்டுக்கும் பூரண சம்மதம் தெரிவித்து, வருஷத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஓர் ஆஃபர் லெட்டரைப் பெற்றுவிட்டாரேயானால், அன்றைக்கே அவருடைய பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டுவிடுகிறது. ஒருவருக்கு ஒரே ஆஃபர் என்பது பல கல்லூரிகளின் விதி. மிக உயர்ந்த சம்பளம் தரும் ‘டிரீம்’ நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விதியில் நியாயம் இல்லாமலில்லை. கெட்டிக்காரர் ஒருவரே நான்கு கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டால் மற்றவர்களின் சந்தர்ப்பம் குறையும். (வேலை பெற்றோர் தொகை அட்மிஷன் விளம்பரத்துக்கு அனுகூலமானது என்பது வேறு விஷயம்.)

ஆனால் அக்கடிதத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் சேரும் தேதி இராது. வர்த்தகத் தேவையை அனுசரித்துப் பின்னர் அறிவிக்கப்படும் என்றுதான் இருக்கும். 2022-இல் தேர்ச்சி பெற்ற ஏறத்தாழ 2,000 பேர் இன்ஃபோசிஸ் கொடுத்த கடிதத்தோடு இரண்டாண்டுக் காலம் வரை காத்திருந்ததும், 2024-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் போனதும் பத்திரிகைகளில் வந்த செய்திகளே. காத்திருப்பவருக்குக் காலம் நிற்பதில்லை. ஆஃப் கேம்பஸ் தேர்வுகள், இன்ன ஆண்டில் தேர்ச்சி பெற்றோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு கட்டுகின்றன. இவருடைய ஆண்டோ அதற்குள் கடந்துபோயிருக்கும். தப்பித்தவறி இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தாலும், “இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்பதே முதற் கேள்வி.

குறித்த காலத்துக்கு முன் விலகுகிற ஊழியர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்னும் ஷரத்து செல்லும் என்று, ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஊழியரின் வாக்குக்கு விலை உண்டென்றால், அழைத்த நிறுவனத்தின் வாக்குக்கு மாத்திரம் அது ஏன் இல்லை?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி முதல்வர்களுக்கும் பிளேஸ்மென்ட் அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: சேரும் தேதி குறிக்காத கடிதத்தை ஆஃபராகக் கணக்கிடாதீர்கள், அதைப் பெற்ற மாணவரை மறுநாளே அடுத்த நிறுவனத்தின் தேர்வில் உட்கார அனுமதியுங்கள்.