எண்ணுக்குப் பெயர் எழுதுவது யார்?

டி.என்.எஸ். என்றால் என்ன என்று கேட்டால், "இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி" என்று சொல்லி முடித்து விடுகிறார்கள். இந்த உவமை எனக்குப் பிடிப்பதில்லை. டைரக்டரியை ஒரே இலாகா அச்சிட்டது. டி.என்.எஸ்.ஸில் பெயருக்கு எண் சொல்லும் ஏடு ஒருவரிடமும், எண்ணுக்குப் பெயர் சொல்லும் ஏடு வேறொருவரிடமும் இருக்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

பிரவுசரில் ஒரு வெப்சைட்டின் பெயரை டைப் செய்தால், அதற்குரிய ஐ.பி. எண்ணை நேம் சர்வர் தேடித் தருகிறது. அந்த எண்ணைப் பதிவு செய்து வைப்பது பெயரின் சொந்தக்காரர். ரிவர்ஸ் லுக்அப் இதற்கு நேர் எதிர். கூகுள் நடத்தும் பொது நேம் சர்வர்களில் ஒன்றின் எண் 8.8.4.4. இதற்குப் பெயர் கேட்டால், கம்ப்யூட்டர் எண்ணைத் திருப்பிப் போட்டு 4.4.8.8.இன்-அட்ர்.ஆர்ப்பா என்று தேடும். டிஎன்எஸ்.கூகுள் என்று விடை வரும். ஏன் திருப்ப வேண்டும்? வெப்சைட் பெயரில் காம், ஆர்க் போன்ற பெரிய பிரிவு வலது கோடியில் இருக்கிறது. ஐ.பி. எண்ணிலோ அது இடது பக்கம்!

இந்த விடையை எழுதுபவர், அந்த ஐ.பி. எண்களைக் கையில் வைத்திருப்பவர். அவர் எந்தப் பெயரையும் எழுதலாம், உங்கள் வங்கியின் பெயரைக் கூட. ஆகவே ஃபயர்வால் காட்டும் எண்ணுக்குத் தெரிந்த பெயர் வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். வந்த பெயரை மறுபடி நேராகத் தேடுங்கள். அதே எண் திரும்பி வருகிறதா? கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்அப் என்று ஒரே சொல்லாக டைப் செய்து, இடைவெளி விட்டு முதலில் எண்ணையும், அடுத்த முறை பெயரையும் கொடுத்தால் போதும். சர்வர் லாக் பார்க்கும்போது நான் செய்வதும் இதுதான். ஒத்துப் போகவில்லை என்றால் உடனே திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம். பல நல்ல சர்வர்களுக்கே ரிவர்ஸ் ரெக்கார்டு ஒழுங்காக எழுதப்படுவதில்லை. நம்பக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

இதெல்லாம் உங்களுக்குப் பதில் சொல்லும் நேம் சர்வர் நேர்மையாக இருக்கும் வரைதான். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற வைரஸ், சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் நுழைந்து நேம் சர்வர் எண்ணையே மாற்றி வைத்தது. சரியான பெயரை டைப் செய்தவர்கள் தவறான இடத்துக்குப் போனார்கள். 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் பிடிபட்டனர். மோசடி சர்வர்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக நல்ல சர்வர்கள் வைக்கப்பட்டன. 2012 ஜூலை 9 அன்று அவையும் நிறுத்தப்பட்டபோது, அதுவரை வைரஸை நீக்காதவர்களுக்கு வெப்சைட்டுகள் திறக்கவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஆல் என்பதையும் சேர்த்துக் கொடுத்து, டி.என்.எஸ். சர்வர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால், அது பெரும்பாலும் உங்கள் ரௌட்டர்தான். அப்படியானால் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள். கடையில் வந்தபோது இருந்த பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தால், இன்றைக்கே மாற்றி விடுங்கள்.