தறிக்கொரு வட்டாரம்: சட்டமன்றம் துணியுமா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். ஆங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரச் சோழன் காலத்துப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு இன்றும் நிற்கின்றது. வயலைக்காவூர் என்னும் ஓர் ஊரின் வருவாயைக் கொண்டு கோயிலும், கல்விச்சாலையும், 15 படுக்கைகளோடு 'வீரசோழன்' என்னும் மருத்துவச்சாலையும் இயங்கிய வரலாற்றை அஃது உரைக்கின்றது. அக்கல்விச்சாலையில் ஓதப்பெற்றது வடமொழி மறை என்பது வேறு வழக்கு. வட்டாரத்தின் வருவாய் வட்டாரத்திற்கே என்பதன்றோ அக்கல் நமக்குக் கற்பிக்கும் பாடம்!

இன்று சில கல் தொலைவிலுள்ள காஞ்சியின் வருவாய் யாருக்கு? பட்டுநூல் கருநாடகத்திலிருந்து வருகின்றது; சரிகை சூரத்திலிருந்து வருகின்றது; ஊதியம் வணிகர் பெட்டிக்குப் போகின்றது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து கோத்திணைக்கும் கோர்வை நெசவாளனுக்கோ, குழித்தறியும் கூனிய முதுகுமே எஞ்சுகின்றன.

சட்டத்தால் வட்டாரம் அமைக்கத் தெரியாதவர்களா நம் ஆட்சியாளர்? 2005ஆம் ஆண்டில் நடுவணரசு சிறப்புப் பொருளியல் வட்டாரச் சட்டம் இயற்றிற்று. அதே ஆண்டில் தமிழகச் சட்டமன்றமும் தன் பங்கிற்குத் தனிச்சட்டம் இயற்றிச் சலுகைகளை வாரி வழங்கிற்று. காஞ்சி மாவட்டத் திருப்பெரும்புதூரில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் கைப்பேசித் தொழிலகம் அமைத்தது. பல்லாயிரவர் வேலை பெற்றனர் என்பது உண்மையே. ஆயின் 2014 நவம்பர் முதல் நாளோடு அத்தொழிலகம் இயக்கத்தை நிறுத்திற்று. வந்தவன் போய்விட்டான், நிலத்தையும் இளமையையும் கொடுத்தவன் தெருவில் நின்றான். வேரில்லாத மரத்திற்கு வேலியிட்டு வளர்த்த கதை இது!

தொழிலுக்குக் காப்பு வேலி போடவும் இச்சட்டமன்றத்திற்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் வட்டாரமாக்கிச் சட்டம் நிறைவேற்றிற்று. ('மண்டலம்' என்னும் வடசொல்லை விட மட்டும் மனம் வரவில்லை!) முன்னரே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை, திருச்சியையும் அரியலூரையும் கரூரையும் விட்டுவிட்டது. குறையுடைத்தெனினும் அது வழிகாட்டி. உழவனுக்கு இயன்றது நெசவாளனுக்கு ஏன் இயலாது?

நெசவாளனைக் காக்கச் சட்டங்கள் உள்ளனவே என்பர் சிலர். உள்ளன, ஆனால் அவை தில்லியின் சட்டங்கள். 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அப்பட்டியல் 11ஆகச் சுருங்கிற்று. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறிப் போலிகள் கடைத்தெருவை விட்டு அகன்றனவா? தில்லி தரும், தில்லி குறைக்கும். தமிழன் கையேந்தி நிற்பான்!

நிலமும் உள்ளாட்சியும் கூட்டுறவுச் சங்கங்களும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. கையிலுள்ள உரிமையையேனும் ஆள்வோம். காஞ்சியும் திருமுக்கூடலும் வாலாசாபாத்தும் உத்தரமேரூரும் அடங்கிய கைத்தறி வட்டாரத்தைச் சட்டமன்றம் சட்டத்தால் அமைக்க வேண்டும். அதன் ஆட்சிக்குழுவில் நெசவாளரே பெரும்பான்மையராதல் வேண்டும். நூலும் சரிகையும் கூட்டுறவின் வழியே அடக்க விலைக்குக் கிடைத்தல் வேண்டும். போலிச் சேலையை அவ்வட்டாரத்தில் காஞ்சிப் பட்டென விற்பவன் ஒறுக்கப்படல் வேண்டும். கணக்கும் ஆணையும் நெசவாளன் படித்தறியும் தமிழிலேயே இருத்தல் வேண்டும்.

1953இல் நெசவாளர் துயர் துடைக்க அண்ணா கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருவில் விற்றார். அவர் பிறந்த ஊரும் காஞ்சியே. அவர் பெயரைச் சொல்லி அரியணை ஏறியோர் பலர். அத்தோட்சுமையைச் சட்டமாக்கியவர் எவர்? தமிழர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்வொரு வினாவை எழுப்புங்கள்: நோக்கியாவுக்குச் சட்டம் செய்த கை, நெசவாளனுக்குச் சட்டம் செய்ய ஏன் நடுங்குகின்றது?