பற்றரியைப் பசியோடு உறங்க விடலாமா?

கோல்ப் மைதானங்களிலே புகையின்றி, ஓசையின்றி ஊர்ந்து செல்லும் சிறு மின்வண்டியை நேரிலோ படத்திலோ காணாதவர் சிலரே. இன்று அவ்வண்டி மைதானத்தின் எல்லையையும் கடந்து, பெரிய உல்லாச விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் முதியோரையும் அவர்தம் பெட்டிகளையும் சுமந்து செல்கின்றது. அதன் அடக்கத்தை வியப்பவர்கள் பலர்; இருக்கையைத் தூக்கி அடியில் இருப்பதைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஆறு பற்றரிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். வண்டியின் உயிர் அவற்றில்தான் இருக்கின்றது. அவ்வுயிர் ஐந்தாறு ஆண்டுகள் நிலைப்பதும், ஈராண்டில் நீங்கிவிடுவதும் பெரும்பாலும் பராமரிப்பவர் கையிலேயே உள்ளன. இவ்வாரம் அது பற்றிச் சில கூற விழைகின்றோம். மின்தடைக்கென வீட்டில் பற்றரி வைத்திருப்போருக்கும், இரசாயனம் பயிலும் மாணவருக்கும் இது பயன்படும்.

ஈய அமிலப் பற்றரியை 1859 ஆம் ஆண்டில் ஆக்கியவர் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். 1881 இல் கமீல் போர் என்பவர் ஈயத் தகட்டின் மீது ஈய ஒட்சைட்டுக் களிம்பைப் பூசும் முறையைக் கண்டு, அதனைத் தொழிற்சாலையில் பெருமளவில் ஆக்கத்தக்க பொருளாக்கினார். மின்சாரக் கோல்ப் வண்டி விற்பனைப் பொருளானது அமெரிக்காவில் 1950 களிலேதான். ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா நகரில் ஈ-சீ-கோ என்னும் வண்டி நிறுவனம் 1954 இல் தோன்றியது. வண்டி புதியது, அதனை இழுத்த பற்றரியோ அப்போதே நூறாண்டை எட்டிக்கொண்டிருந்தது.

எனினும் மோட்டார் காரில் உள்ள பற்றரியும் இதுவும் ஒன்றல்ல. காரின் பற்றரி சில விநாடிகளுக்குப் பெருமின்னோட்டத்தைக் கொடுத்து, இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அதன் தகடுகள் மெல்லியவை. கோல்ப் வண்டியின் பற்றரியோ மணிக்கணக்காகச் சிறிது சிறிதாக மின்னைக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆகவே அதன் தகடுகள் தடித்தவை. மலிவு கருதிக் காரின் பற்றரியை இவ்வண்டியிற் பூட்டினால் சில மாதங்களிலேயே அது களைத்துப் போகும்.

உள்ளே நடப்பது என்ன?

பற்றரியின் ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடும், ஈய ஈரொட்சைட்டுத் தகடும், நீர் கலந்த சல்பூரிக் அமிலமும் உள்ளன. மின்னைக் கொடுக்குங்கால் இருவகைத் தகடுகளும் ஈய சல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் குறைந்து நீர் மிகுகின்றது. மின்னேற்றும்போது இம்மாற்றம் திரும்பி நடைபெறுகின்றது. ஆகவே அமிலத்தின் அடர்த்தியே பற்றரியின் வயிறு நிறைந்துள்ளதா, காய்ந்துள்ளதா என்பதைக் காட்டும். நீரமானி என்னும் எளிய கருவியால் அதனை அளக்கலாம். வண்டிப் பற்றரிகளில் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 1.27 எனவும், பாதியில் 1.20 எனவும், முற்றாக இறங்கியபின் 1.12 எனவும் அது காட்டும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அப்போதே உண்டான ஈய சல்பேற்று மென்மையான நுண்துகளாக இருக்கும். மின்னேற்றினால் எளிதிற் கரைந்து மாறிவிடும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் அதனை அப்படியே விட்டால், அது கடினமான பெரும் பளிங்குகளாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னை ஊட்டினாலும் அது முழுவதும் திரும்பாது. தகட்டின் அந்தப் பகுதி இறந்தது இறந்ததே. உழைப்பினால் தேய்ந்து மடியும் பற்றரிகள் உள. ஆயினும் உழைத்த பின் ஊட்டமின்றிக் கிடந்து மடியும் பற்றரிகள் அவற்றினும் பல என்க.

ஆதலால் முதல் விதி இது: வண்டி ஓடிய அன்றே பற்றரிக்கு மின்னேற்றுக. சிறிது தூரந்தானே ஓடியது, நாளை பார்க்கலாம் என்று எண்ணற்க. ஏற்றத் தொடங்கினால் முழுவதும் ஏறும்வரை இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்களுக்காக ஒரு கணக்கைக் கூறுவோம். ஆறு உவோற்றுப் பற்றரிகள் ஆறினைத் தொடராக இணைத்தால் 36 உவோற்று. ஒவ்வொன்றின் கொள்ளளவு 225 அம்பியர் மணி எனின், தொடரிணைப்பில் அக்கொள்ளளவு மாறாது. ஆகவே மொத்தச் சக்தி 36 × 225 = 8,100 உவாற்று மணி. வீட்டு மின்கட்டணச் சிட்டையின் கணக்கிற் கூறினால் எட்டு அலகுக்குச் சற்று மேல். ஆனால் அவ்வளவையும் எடுத்தல் தகாது. பாதியோடு நிறுத்துவது நன்று. 80 வீதத்திற்கு மேல் ஒருபோதும் இறக்கலாகாது. பாதியளவு இறக்கி ஏற்றும் பற்றரி, ஆழமாக இறக்கி ஏற்றுவதைக் காட்டிலும் பல நூறு தடவை கூடுதலாக உழைக்கும்.

பாதியெனின் ஏறத்தாழ 112 அம்பியர் மணி. திருப்பி ஊட்டும்போது எடுத்ததினும் பத்து முதல் இருபது வீதம் மிகுதியாக ஊட்ட வேண்டும். ஒரு பகுதி வெப்பமாகவும் வாயுவாகவும் வீணாவதே காரணம். முடிவை நெருங்கும்போது மின்னேற்றி தன் ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே இரவு முழுவதும் பற்றரிக்கு உண்ணும் வேளை என்று கொள்வதே பொருத்தம். ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் மெய். தானே நின்றுவிடாத பழைய மின்னேற்றியை நாட்கணக்கில் பூட்டி வைத்தால், நீர் வற்றித் தகடுகள் அரிக்கப்படும்.

நீர் வார்க்கும் நேரம்

மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுகின்றது. குறைந்த நீரை நாமே வார்த்தல் வேண்டும். வார்ப்பது காய்ச்சி வடித்த நீராக இருத்தல் இன்றியமையாதது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல் நிலத்தில் ஊறுவது. அதிலுள்ள உப்புக்கள் குடிப்பவருக்குப் பழகிவிடினும் பற்றரியின் தகட்டுக்கு ஆகா. அமிலம் சேர்த்தலும் கூடாது. வெளியேறியது நீரேயன்றி அமிலமன்று.

எப்போது வார்ப்பது? மின்னேற்றி முடிந்த பின்னரே. ஏற்றும்போது திரவம் விரிந்து உயரும். முன்னரே நிரப்பினால் அமிலம் வழிந்து உலோகத்தை அரிக்கும். தகடுகள் வெளியே தெரியுமளவுக்கு வற்றியிருந்தால் மாத்திரம், அவை மூடும் அளவுக்குச் சிறிது நீர் விட்டு, ஏற்றிய பின் மிகுதியை வார்க்கலாம்.

வெளியேறும் ஐதரசனையும் மறத்தலாகாது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கை எட்டினால் ஒரு சிறு பொறியே வெடிக்கப் போதும். பூட்டிய அறையில் மின்னேற்றல் கூடாது. அருகில் சுருட்டும் விளக்கும் வேண்டாம். பற்றரியில் வேலை செய்யும்போது மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வைக்க. கண்ணுக்குக் கண்ணாடி அணிக. அமிலம் கண்ணிற் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியரை நாடுக. முனைகளிற் படியும் வெண்பூவை அப்பச்சோடாக் கரைசலால் கழுவலாம். அக்கரைசல் கலத்தினுள்ளே புகாதவாறு மூடிகளை இறுக்கிக்கொள்க.

ஒன்று கெட்டால்

தொடரில் இணைந்த ஆறும் ஒரு குடும்பம் போன்றவை. ஒரே மின்னோட்டம் ஆறினூடும் செல்கின்றது. ஒன்று மெலிந்தால் அது முதலிற் காய்ந்து, மற்றவற்றின் உழைப்பையும் வீணாக்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு கலத்தின் அடர்த்தியையும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் நல்ல பழக்கம். கலங்களுக்கிடையே 0.03 க்கு மேல் வேறுபாடு தெரிந்தால், மின்னேற்றியின் சமப்படுத்தும் முறையை உபயோகித்துச் சற்று மிகுதியாக ஏற்றி, பின்தங்கிய கலத்தை மற்றவற்றோடு ஒப்பாக்கலாம். நான்காண்டு உழைத்த ஐந்தின் நடுவே புதியதொன்றைப் பூட்டுவதோ சிக்கனமன்று. புதியதும் விரைவில் பழையவற்றின் நிலைக்கே இறங்கிவிடும்.

வெப்பமும் ஒரு பகையே. பற்றரியின் வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. நம் நாட்டிலே 1879 இல் தோன்றிய கோல்ப் கழகம் கொழும்பில் உள்ளது. மற்றொரு புகழ்பெற்ற மைதானம் குளிர்ந்த நுவரெலியாவில் உள்ளது. ஒரே வகைப் பற்றரி, ஒரேவிதமான பராமரிப்பு என்றாலும், மலைநாட்டில் அது நீடித்து வாழ்வதில் வியப்பில்லை. கீழ்நாட்டில் உள்ளோர் வண்டியை நிழலில் நிறுத்துதலும், பற்றரி ஆறிய பின் மின்னேற்றுதலும் நன்று. விடுமுறைக்காக வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் நிறைய ஏற்றிவிட்டு நிறுத்துக; மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுக. சும்மா கிடந்தாலும் பற்றரி தானே சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டிருக்கும்.

இக்காலத்தில் இலிதியம் பற்றரி பூட்டிய வண்டிகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு நீர் வார்க்க வேண்டியதில்லை. பாதி வயிற்றோடு கிடந்தாலும் கெடுவதில்லை. ஆனால் ஈயப் பற்றரிக்கென அமைந்த மின்னேற்றியை அவற்றுக்கு உபயோகித்தல் கூடாது.

இவையெல்லாம் செல்வர் விளையாட்டுக்குரிய செய்தியென வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 1990 இன் பின் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்திலே மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை, சேமித்து வைத்த மின்னின் அருமையை நன்கறியும். 2022 இல் நாடெங்கும் மணிக்கணக்காக மின்தடை ஏற்பட்டபோது பல குடும்பங்கள் பெரும்பணம் கொடுத்துப் பற்றரி வாங்கின. மின்தடை நீங்கியதும் அவற்றுட் பல மூலையில் மறக்கப்பட்டன. அவை ஈயப் பற்றரிகளாயின், மேலே கூறிய விதிகள் அவற்றுக்கும் உரியன. நீர் வார்க்க இயலாதவாறு மூடி முத்திரையிட்ட வகையாயின், நீர் வார்த்தல், அடர்த்தி அளத்தல், சமப்படுத்தி ஏற்றுதல் பற்றிய விதிகள் நீங்கும்.

இறுதியாக ஒன்று. காலத்துக்கு முன் மடியும் ஒவ்வொரு பற்றரியும் பணநட்டம் மட்டுமன்று. ஆறு உவோற்றுப் பற்றரி ஒன்றின் நிறை ஏறத்தாழ 28 கிலோகிராம். அதிற் பெரும்பகுதி ஈயம். கொல்லைப்புறத்தில் அதனை உடைத்து உருக்கினால், ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலந்து சிறுவரின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். ஆகவே உழைத்து ஓய்ந்த பற்றரியை விற்பனையாளரிடம் அல்லது முறையான சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க. உழைக்கும் நாளிலோ, அன்றன்று உழைத்ததற்கு அன்றன்றே உணவூட்டுக. கொப்பியில் ஒரு வரி, காய்ச்சி வடித்த நீரில் ஒரு போத்தல், மாதத்தில் ஒரு மணி நேரம்: பற்றரி நம்மிடம் வேண்டுவது இவ்வளவே.